படிவத்தில் 4 என்று எழுதலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பினாங்கில் ஓர் உயர்கல்விக்கூடத்தில் விரிவுரையாளர். மலேசியத் தமிழ்ச் சிறுகதை என் ஆய்வுத்துறை. தோட்டப்புறக் கதைகளைப் பற்றி ஒரு நூலும் 20க்கு மேற்பட்ட கட்டுரைகளும் எழுதியிருக்கிறேன், பெரும்பாலும் தமிழில். இந்த ஆண்டு பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் எச்-இண்டெக்ஸ் என்ற மேற்கோள் அளவெண்ணைக் கேட்கிறார்கள். கூகுள் ஸ்காலர் எனக்கு 4 என்கிறது. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் என் கட்டுரை இரண்டே இரண்டு, எண் 1. என் கொழுந்தனார் வேதியியல் துறையில் இருக்கிறார், அவருக்கு 27. தீபாவளிக்கு எல்லாரும் கூடியபோது, “அண்ணி, இருபது வருஷமா என்னதான் பண்ணீங்க?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். இதற்கிடையில் ஒரு ஏஜெண்டு, 3,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் இரண்டே வாரத்தில் ஸ்கோபஸ் இதழில் கட்டுரை போட்டுத் தருவதாக வாட்ஸ்அப்பில் சொல்கிறார். படிவத்தில் எந்த எண்ணை எழுதுவது? இனிமேல் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா? உண்மையில் என் ஆய்வை யாராவது படிக்கிறார்களா? என் பட்டியலையும் கடைசியாக வந்த கட்டுரையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

முக்கியமான கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது. ஆனால் கெடு விதித்திருப்பது படிவத்துக்குத்தான், அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

4 என்று எழுதாதீர்கள். அது தப்பான எண். உங்கள் கூகுள் ஸ்காலர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உங்கள் நூல் அங்கே இரண்டு முறை இருக்கிறது. தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒருவர் ஒரு மாதிரியும் இன்னொருவர் வேறு மாதிரியும் எழுதியிருக்கிறார்கள். இயந்திரம் அதை இரண்டு நூலாக எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கு 12 மேற்கோள் (ஆய்வுகளில் அதைச் சுட்டிய எண்ணிக்கை), மற்றதற்கு 7. அப்புறம் உங்கள் கட்டுரைகளுக்கு 7, 4, 3, 2, 1. மீதி எல்லாம் பூஜ்யம். எச்-இண்டெக்ஸ் கணக்கு சுலபம்தான். அதிக மேற்கோள் பெற்றதை முதலில் வைத்து இறங்குவரிசையில் அடுக்குங்கள். வரிசை எண்ணுக்குக் குறையாமல் மேற்கோள் இருக்கிற கடைசி இடம் எதுவோ, அதுதான் உங்கள் எண். 12, 7, 7, 4 என்று போகும்போது நான்காவது இடத்தில் 4 நிற்கிறது, அதனால் 4. இரண்டு பதிவையும் ஒன்றாகச் சேர்த்தால் நூலுக்கு 19 ஆகிறது. வரிசை 19, 7, 4, 3 என்று மாறுகிறது. நான்காவது இடத்தில் இப்போது 3தான் இருக்கிறது. உங்கள் எண் 3க்கு இறங்கிவிடும்.

பார்த்தீர்களா, ஒரு மேற்கோள்கூடக் குறையவில்லை. மொத்தம் அப்போதும் 36, இப்போதும் 36. வீட்டைக் கூட்டிப் பெருக்கியதற்கு அபராதம் போட்ட மாதிரி. இருந்தாலும் சேர்த்துவிடுங்கள். குழுவில் யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, ஒரே நூல் இரண்டு முறை இருப்பதைக் கண்டால் சந்தேகம் உங்கள் மேல்தான் வரும். இன்னொன்று, அந்த 36இல் இரண்டு நீங்களே உங்களைக் காட்டியது. அதில் தப்பில்லை. முன்னால் எழுதியதன் தொடர்ச்சி என்றால் காட்டத்தான் வேண்டும். ஆனால் அதைக் கழித்தும் ஒரு கணக்கு வைத்திருங்கள்: மொத்தம் 34, எச் அப்போதும் 3.

இனி ஸ்கோபஸ். இங்கே உங்களுக்கு நல்ல செய்தி. அதில் உங்கள் கட்டுரை இரண்டு இல்லை, மூன்று. மூன்றாவது உங்கள் அப்பா பெயரில் தனியாகக் கிடக்கிறது.

இது நம்மவர்களுக்கு எப்போதும் நடக்கிற கூத்து. அடையாள அட்டையில் நம் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி (மகன், மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கம்), அப்புறம் அப்பா பெயர். இந்தத் தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஆய்வுலகத்துக்கு நீங்கள் உங்கள் அப்பாவாகிவிடுகிறீர்கள். ஒரு கட்டுரையில் ஏ/பி போட்டிருக்கிறீர்கள், ஒன்றில் முதலெழுத்து மட்டும், கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒன்றில் கணவர் பெயர். ஸ்கோபஸ் இதை இரண்டு ஆளாகப் பிரித்துவிட்டது. உங்கள் பக்கத்தில் இருக்கிற இரண்டு கட்டுரைக்கு 3, 0 என்று மேற்கோள். பிரிந்து கிடக்கிற மூன்றாவதற்கு 2. சேர்த்தால் 3, 2, 0 ஆகிறது. உங்கள் எச்-இண்டெக்ஸ் 1இலிருந்து 2 ஆகிவிடும். இருபது வருஷத்தில் வராதது ஒரு விண்ணப்பத்தில் இரட்டிப்பாகிறது என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள். ஆசிரியர் பதிவுகளை ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கே எழுதலாம், கட்டணம் கிடையாது. கையோடு, ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். 2012இலிருந்து இருக்கிறது, 16 இலக்கம், இலவசம். இனி எந்த இதழுக்கு அனுப்பினாலும் ஒரே எழுத்துக்கூட்டலில் ஒரே பெயரைக் கொடுங்கள். எந்த வடிவம் என்பது உங்கள் விருப்பம், மாற்றாமல் இருந்தால் சரி.

இந்தப் பெயர் விவகாரத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஒருமுறை நானே தப்புச் செய்திருக்கிறேன். கோலாலம்பூருக்கு வந்து நூலக வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மூத்த தமிழாய்வாளரின் மேற்கோள் கணக்கைக் குழு ஒன்று கேட்டது. பெயரின் எந்தப் பாதியைத் தேட வேண்டும் என்று யோசிக்காமல் தேடி, ‘பூஜ்யம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழனாகப் பிறந்த எனக்கே அது தோன்றவில்லை. சில வாரம் கழித்து வேறொன்றைத் தேடும்போது அவருடைய கட்டுரைகள் அப்பா பெயரின் கீழ் வரிசையாக வந்தன. திருத்தக் கடிதம் கொடுத்தேன். அதற்குள் கூட்டம் முடிந்துபோயிருந்தது.

சரி, 3 என்றும் 2 என்றும் வைத்துக்கொள்வோம். இந்த எண்கள் என்ன சொல்கின்றன?

எச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து இயற்பியலாளர். ஆண்டு 2005. அவர் மனத்தில் வைத்திருந்தது இயற்பியல்காரர்களை. உயிரியல் துறையினரின் எண்கள் இயற்பியலைவிட மிக உயரமாக இருப்பதை அந்தக் கட்டுரையிலேயே அவர் குறிப்பிட்டிருக்கிறார். இயற்பியலையும் உயிரியலையுமே ஒரே தராசில் வைக்க முடியாதபோது, வேதியியலையும் தமிழ்ச் சிறுகதையையும் தீபாவளிப் பலகாரத் தட்டுக்கு முன்னால் வைத்து நிறுப்பது விளையாட்டுக்குத்தான் சரி. வேதியியலில் ஆறு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால், அதற்கு வரும் மேற்கோள் ஆறு பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுதுகிறீர்கள். அவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள், நீங்கள் நூல் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நூலுக்கு 19 மேற்கோள் வந்தாலும் 190 வந்தாலும் எச்-இண்டெக்ஸ் கணக்கில் அது ஒரே ஒரு உருப்படிதான். இந்தக் குறையைச் சரிக்கட்ட லியோ எக்ஹே என்பவர் 2006இல் ஜி-இண்டெக்ஸ் என்று ஒன்றைச் சொன்னார். முதல் சில படைப்புகளின் மொத்த மேற்கோள், அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அப்படி அமைகிற மிகப் பெரிய எண்ணிக்கைதான் ஜி. உங்களுக்கு, சுயமேற்கோளைக் கழித்த பிறகு, 5 வருகிறது. படிவத்தில் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். குழுவில் யாருக்கும் தெரிந்திருக்காது, அதனால் அதை வைத்து வாதாட வேண்டாம்.

காலமும் நமக்கு ஒத்துவருவதில்லை. இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர் பார்ப்பது முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு வந்த மேற்கோளை. 1966 ஏப்ரலில் தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவராக இருந்தபோது முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அதன் கட்டுரைத் தொகுதிகளை இன்றைக்கும் எங்கள் நூலகத்தில் மாணவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். அறுபது ஆண்டு ஓடுகிற வண்டிக்கு முதல் இரண்டு கிலோமீட்டரின் வேகத்தை மட்டும் குறித்துக்கொண்டால் என்ன தெரியும்?

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இதழ்களைச் சேர்த்துக்கொள்ள ஸ்கோபஸ் வைத்திருக்கும் நிபந்தனைகளில், தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், துணைநூற்பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் உண்டு. தமிழில் பட்டியல் போடுகிற இதழ் வாசலிலேயே நின்றுவிடும். அந்த இதழில் உங்களை எத்தனை பேர் காட்டினாலும் அது ஸ்கோபஸுக்குத் தெரியாது. ஆக உங்கள் 2 என்பது, ரோமன் எழுத்தில் நடக்கிற பேச்சில் உங்கள் பெயர் எத்தனை முறை வந்தது என்பதற்கான கணக்கு. நீங்கள் பெரும்பாலும் பேசியதோ தமிழில்.

கூகுள் ஸ்காலர் தமிழைத் தள்ளுவதில்லை, ஆனால் அதற்குத் தமிழ் தெரிய வேண்டும். உங்கள் கட்டுரைகளில் பாதிக்கு மேல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அச்சான பிடிஎஃப். கண்ணுக்குத் தமிழ், இயந்திரத்துக்கு வெறும் கிறுக்கல். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். உங்கள் பழைய பிடிஎஃப் ஒன்றில் ஒரு வரியைப் பிடித்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. ஆங்கில எழுத்தும் கமாவும் கலந்து வந்தால் கூகுளும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது. எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம். இப்படிப்பட்ட கட்டுரைகளை யூனிகோடில் மாற்றி, இதழின் அனுமதியோடு, உங்கள் கல்விக்கூடத்தின் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். முதல் பக்கத்தில் ஆங்கிலத் தலைப்பும் ஆங்கிலச் சுருக்கமும் இருக்கட்டும், தமிழ்ப் பட்டியலுக்குக் கீழே அதையே ரோமன் எழுத்தில் ஒருமுறை கொடுங்கள். அலுப்பான வேலைதான், பள்ளி விடுமுறையில் மகனையோ மகளையோ பிடித்துப் போட்டால் முடிந்துவிடும்.

இதில் நம் பழக்கத்தின் பங்கும் உண்டு. நாம் மேற்கோள் காட்டுகிற விதமே வேறு. தொல்காப்பியரே ‘என்மனார் புலவர்’ என்றுதான் சொல்லிப் போகிறார். எந்தப் புலவர், எந்த நூல், எத்தனையாம் பக்கம் என்று கேட்டால் உரையாசிரியர்களே கை விரிப்பார்கள். இன்றும் நாம் ‘அறிஞர் கூறுவர்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அடிக்குறிப்பில் ‘மேலது’, ‘மே.கு.நூ.’ (மேற்குறித்த நூல்) என்று போடுகிறோம். அப்புறம், புறநானூற்றின் 192ஆம் பாட்டைக் காட்டினால் ‘புறம். 192’ என்று எழுதுவதோடு சரி. ஏடு ஏடாகத் தேடி 1894இல் அதை அச்சுக்குக் கொண்டுவந்த உ.வே.சா.வின் பெயர் அந்தக் குறிப்பில் வராது. தமிழ் படித்த ஒவ்வொருவரும் அவர் தோளில் நிற்கிறோம், மேற்கோள் கணக்குப்படி பார்த்தால் அவருக்கு ஒன்றும் பெரிதாகத் தேறாது.

இந்த இடத்தில் உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் இணைத்த கட்டுரையின் துணைநூற்பட்டியலில் 31 நூல் இருக்கிறது. மலேசியச் சிறுகதை பற்றிய கட்டுரை. அதில் மலேசிய ஆய்வாளர் நான்கே பேர், அந்த நால்வரில் ஒருவர் நீங்கள். மற்றவை தமிழ்நாட்டுத் திறனாய்வு நூல்கள், கொஞ்சம் ஆங்கிலம். உங்களைப் போலவே எழுதிவிட்டு, யாராவது படிக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிற இன்னும் பத்துப் பேர் தஞ்சோங் மாலிமிலும் (சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம்) பந்தாய் பள்ளத்தாக்கிலும் (மலாயாப் பல்கலைக்கழகம்) இருக்கிறார்கள். ஒருவரையொருவர் முதுகு சொறியச் சொல்லவில்லை, அப்படிக் குழு சேர்ந்து மாறி மாறிக் காட்டிக்கொள்வது தனிக் கேடு. உங்கள் பொருளில் இந்த நாட்டில் வந்ததைத் தேடிப் படித்துவிட்டு எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்து ஆங்கிலம். ‘இனிமேல் ஆங்கிலத்தில்தான்’ என்று முடிவெடுக்க வேண்டாம், ‘ஆங்கிலம் வேண்டாம்’ என்றும் வேண்டாம். இலங்கைத் திறனாய்வாளர் கைலாசபதியைப் பாருங்கள். அவருடைய ஆங்கில நூலான ‘தமிழ் ஹீரோயிக் போயட்ரி’ 1968இல் ஆக்ஸ்போர்டில் வந்தது. சங்க இலக்கியம் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய ‘தமிழ் நாவல் இலக்கியம்’ தமிழ் மாணவர்களை ஒரு தலைமுறைக்கு ஆட்டி வைத்தது, ஆனால் மேற்கத்தியத் தரவுத்தளத்தில் அதன் தடம் சொற்பம். அவர் இரண்டையும் செய்தார். எதை யாருக்காக எழுதுகிறோம் என்று தெரிந்து செய்தார்.

நீங்கள் செய்யக்கூடியது, என் கணக்கில், ஒரே ஒரு நல்ல ஆங்கிலக் கட்டுரை. உங்கள் நூலை மொழிபெயர்க்காதீர்கள். தோட்டப்புறக் கதைகளைப் பற்றித் தமிழில் இதுவரை யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், எங்கே சண்டை, எங்கே இடைவெளி என்று ஒரு பார்வைக் கட்டுரை. தமிழ் தெரியாத ஆய்வாளருக்கு அதுதான் கதவு. அதன் வழியாக உங்களையும் காட்டுவார்கள், உங்கள் சகாக்களையும் காட்டுவார்கள். இரண்டாவது, மலாயில் ஒன்று. இதை நம்மவர்கள் ஏனோ யோசிப்பதே இல்லை. இந்த நாட்டில் மலாய் இலக்கியமும் மாஹுவா என்கிற மலேசியச் சீன இலக்கியமும் ஆராய்கிறவர்களுக்கும் ரப்பர்த் தோட்டம் தெரியும், ஜப்பான்காரன் காலம் தெரியும். ஒப்பிட்டு எழுத நினைக்கிறவர் கைக்கு நம் பக்கத்திலிருந்து எதுவும் போவதில்லை. உள்நாட்டு இதழ்களுக்கு உயர்கல்வி அமைச்சின் மைசைட் என்ற மேற்கோள் தரவுத்தளம் இருக்கிறது, அதில் உங்கள் பெயரை ஒருமுறை தேடிப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஏஜெண்டு விஷயம். வேண்டாம். இரண்டு வாரத்தில் யாரும் ஒரு இலக்கியக் கட்டுரையை மதிப்பிட முடியாது. பணத்துக்குப் போடுகிற இதழை ஸ்கோபஸ் பட்டியலிலிருந்து நீக்கும்போது, உங்கள் 3,000 வெள்ளியோடு உங்கள் பெயரும் அந்தக் குப்பையில் கிடக்கும். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துகிறவர்களும் உண்டு. ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது, எந்த ஆண்டுவரை சேர்க்கப்பட்டிருக்கிறது என்றும் அதிலேயே இருக்கும். அவருடைய எண்ணை வாட்ஸ்அப்பில் தடை செய்துவிடுங்கள்.

இனிப் படிவத்துக்கு வருவோம். எச்-இண்டெக்ஸ் கேட்கிற கட்டத்தில் ஒளிக்காமல், மழுப்பாமல் எழுதுங்கள்: ஸ்கோபஸ் 2, மூன்று கட்டுரையின் அடிப்படையில், கூகுள் ஸ்காலர் 3, மொத்த மேற்கோள் 36, அதில் சுயமேற்கோள் 2, எடுத்த தேதி. தேதி போடாத மேற்கோள் எண்ணுக்கு மதிப்பில்லை. யாராவது எஃப்.டபிள்யூ.சி.ஐ. கேட்டால் மட்டும் கவனமாக இருங்கள். அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளோடு ஒப்பிட்டு உலகச் சராசரியை 1 என்று வைக்கிற எண் அது. நோக்கம் நல்லது. ஆனால் மூன்றே கட்டுரை இருக்கிறவருக்கு ஒரு மேற்கோள் கூடினாலே எண் எகிறும். அது சாதகமாக இருந்தாலும் அதை நம்பி நிற்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு பக்கம், ஒரே பக்கம், இணைப்பாக வையுங்கள். அதில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது. 2015இல் ‘நேச்சர்’ இதழில் வந்த லெய்டன் அறிக்கை, ஆய்வை எண்ணால் அளக்கிறவர்களுக்குப் பத்து நெறிகளைச் சொன்னது. மூன்றாவது நெறி, அந்தந்த வட்டாரத்துக்குத் தேவையான ஆய்வின் தரத்தைக் காக்க வேண்டும் என்பது. ஆறாவது, துறைக்குத் துறை வெளியீட்டு வழக்கமும் மேற்கோள் வழக்கமும் மாறும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது. இரண்டையும் ஒரு வரியில் சொல்லுங்கள், புலம்பலாகத் தெரியக்கூடாது. உங்கள் நூல் எந்தெந்த நூலகத்தில் இருக்கிறது என்று, உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட்டில் பார்த்துக் குறிப்பிடுங்கள். சிங்கப்பூரிலோ சென்னையிலோ சிக்காகோவிலோ இருந்தால், யாரோ ஒரு நூலகர் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார் என்று பொருள். நம் தேசிய நூலகத்தில் இருப்பதை மட்டும் சான்றாகக் காட்டாதீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அச்சாகும் எல்லா நூலும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் சிரித்துவிடுவார்.

என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வாளியை நிறுத்ததோடு கிராணி (தோட்டத்து எழுத்தர்) விடமாட்டாராம். ஒரு மிதவையைப் பாலுக்குள் விட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துத்தான் கணக்கில் ஏற்றுவார். மேற்கோளை எண்ணுகிறவர்களிடம் தராசு மட்டும்தான் இருக்கிறது, அந்த மிதவை இல்லை. பட்டியலில் சும்மா பெயர் போட்டதும் ஒன்று, ஒரு இயல் முழுக்க உங்களோடு மல்லுக்கு நின்றதும் ஒன்று. அதனால் அந்த மிதவை வேலையை நீங்களே செய்ய வேண்டும். உங்களைக் காட்டியவற்றில் ஐந்தாறை எடுத்துப் படித்து, அவர் உங்களிடமிருந்து எதை எடுத்தார், எதைத் தள்ளினார் என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். பக்க எண்ணோடு. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) தமிழ் இலக்கிய ஆசிரியர்கள் பயிற்சியில் உங்கள் கட்டுரை பயன்பட்டிருந்தால் அதுவும் இங்கே வரட்டும், நினைவிலிருந்து எழுதாமல் ஒரு தாளாவது ஆதாரம் வைத்து.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. உங்கள் கடிதம் வந்த அன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா என்ற தளத்தில் கிடைக்கின்றன. தமிழ்த்துறை ஏடுகளும் நிறைய. பல ஏடுகளைத் தேடுபொறியால் படிக்க முடியாது. புலம்பெயர் இலக்கியம், அயலகத் தமிழ்ச் சிறுகதை என்று தலைப்பு உள்ளதை ஒவ்வொன்றாகத் திறந்து, துணைநூற்பட்டியலைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஆறு ஏட்டில் உங்கள் நூல் இருந்தது. இந்த ஆறும் கூகுள் ஸ்காலரின் 36இல் இல்லை, ஸ்கோபஸில் நிச்சயமாக இல்லை. நீங்கள் தஞ்சோங் மாலிமில் இருக்கும் ஏடுகளையும் 2015, 2023 கோலாலம்பூர் உலகத் தமிழ் மாநாட்டுக் கட்டுரைகளையும் இதே மாதிரி பாருங்கள், இன்னும் வரும்.

ஆறில் நான்கு வெறும் பட்டியல். ஐந்தாவதில் உங்கள் காலப் பகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, உங்கள் பெயரையும் சொல்லியிருக்கிறார். ஆறாவதுதான் விஷயம். அந்த மாணவி நான்காம் இயல் முழுவதையும் உங்களுக்கு மறுப்பாக எழுதியிருக்கிறார். தோட்டக் கதைகளில் பெண்கள் பேசாமல் இருப்பதை நீங்கள் அடக்குமுறை என்று படித்தீர்கள் அல்லவா, அந்த மௌனம் எதிர்ப்பின் ஒரு வடிவம் என்கிறார். உங்கள் நூலிலிருந்து பதினோரு இடங்களை எடுத்துக்காட்டி வாதாடுகிறார். இரண்டு இடத்தில் அவர் சொல்வது சரி என்றே எனக்குப் பட்டது. மேற்கோள் கணக்கில் இந்த இயல் முழுக்க ஒன்று என்றுதான் ஏறும், அதுவும் யாராவது ஏற்றினால்.

இணைப்பை உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பக்கம் 143இலிருந்து படியுங்கள்.